செத்த டிரைவைக்கூட மீட்கலாம், அழித்த படத்தை மீட்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் அழிந்த ஃபைல்களை மீட்பது பற்றி ஒரு கணினிக் குறிப்பு வந்திருந்தது. கம்ப்யூட்டரில் எதை அழித்தாலும் அது உள்ளேயேதான் இருக்கும், இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி ஒரு ராத்திரி ஓட விட்டால் திரும்பக் கிடைத்துவிடும், பதற வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். ஹார்ட் டிஸ்க் இருந்த காலத்துக்கு அது சரியான யோசனை. இன்று கடைகளில் விற்கும் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி, அதாவது தட்டுக்குப் பதிலாகச் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். அதற்கு இந்த யோசனை பொருந்தாது. பொருந்தாதது மட்டுமில்லை, கிடைக்க இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பையும் அது கெடுத்துவிடும். அப்படிக் கெட்டுப்போன ஒன்று செவ்வாய்க்கிழமை காலையில் என் கடைக்கு வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் 24 வருடமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் டேட்டா மீட்கும் வேலைதான். செவ்வாய்க்கிழமை நான் ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு தம்பி சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கம் ஸ்டுடியோ நடத்துகிறவர். சட்டைப் பையில் உங்கள் பேப்பரிலிருந்து வெட்டிய துண்டு இருந்தது.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் எடுத்த கல்யாணம். சனிக்கிழமை ராத்திரி, எஸ்எஸ்டி டிரைவில் இடம் போதவில்லை என்று பழைய ஃபோல்டர்களைக் குறித்து, குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் நேராக அழிக்கும் ஷிஃப்ட் டெலீட் அடித்திருக்கிறார். அதில் இந்தக் கல்யாண ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. விடிந்ததும் பேப்பரைப் பார்த்திருக்கிறார். "சாமியே வழி காட்டுன மாதிரி இருந்துச்சுண்ணே" என்றார். குறிப்பில் சொன்னபடி அதே டிரைவில் மென்பொருளை இறக்கி, ஞாயிறு, திங்கள் இரண்டு ராத்திரியும் நிறுத்தாமல் ஓட விட்டிருக்கிறார்.

மென்பொருள் இரண்டாயிரத்துச் சொச்சம் ஃபைல்களைக் காட்டியிருக்கிறது. பெயர் சரி, தேதி சரி, சைஸ் சரி. பக்கத்தில் பச்சைப் புள்ளி வேறு. அத்தனையையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் மீட்டு எடுத்து வந்திருந்தார். "படம் பூரா இருக்குண்ணே. திறக்க மட்டும்தான் மாட்டேங்குது. ஃபார்மட் பிரச்சினைதானண்ணே?"

அதில் ஒரு படத்தை எடுத்து, ஃபைலின் உள்ளே இருக்கும் எண்களை அப்படியே காட்டும் புரோகிராமில் திறந்தேன். ஜேபெக் படம் என்றால் முதல் இரண்டு எண்ணும் எஃப்எஃப், டி8 என்றுதான் தொடங்க வேண்டும். தொடங்கவில்லை. 00 00 00 என்று முதல் வரி. அடுத்த வரியும் அப்படியே. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன், கடைசி வரைக்கும் அதுதான். தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, முட்டை முட்டையா வருது?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. வேறு இருபது படங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

இது ஏன் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழிப்பது, வாசலில் மாட்டிய பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரி. வீடும் சாமானும் அப்படியே இருக்கும். புதிதாக ஒருவர் குடிவரும் வரைக்கும் பழைய சாமானை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பு எழுதியவர் மனதில் இருந்தது இதுதான்.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது. எல்லாம் ஃபிளாஷ் சிப். அந்தச் சிப்பில் எழுதிய இடத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. முதலில் துடைக்க வேண்டும், அப்புறம்தான் எழுத முடியும். எழுதுவது சின்னச் சின்னப் பக்கமாக, ஒரு பக்கம் 16 கேபி என்கிற அளவில். துடைப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த, பல எம்பி கொண்ட முழு பிளாக்காக மட்டும்தான் நடக்கும். லைன் வீட்டில் ஒரு வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிக்க வழியில்லை, அடித்தால் வரிசை முழுக்க அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வீட்டுக்காரர்களை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டுத்தான் சுண்ணாம்பை எடுக்க முடியும். அதற்கு நேரம் பிடிக்கும். அதனால் யார் காலி செய்தார்கள் என்பது ஓனருக்கு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும்.

அந்தத் தகவலைச் சொல்வதற்கு என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் டிரிம். 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸில் இது இருக்கிறது. நீங்கள் குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலோ, ஷிஃப்ட் டெலீட் அடித்தாலோ, குயிக் ஃபார்மட் போட்டாலோ, 'இந்த இடங்கள் இனி வேண்டாம்' என்று டிரைவுக்குத் தகவல் போய்விடும். டிரைவின் உள்ளே கன்ட்ரோலர் என்று தனிச் சிப் ஒன்று இருக்கிறது. ஓனர் அதுதான். தகவல் வந்த பிறகு அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், பெரும்பாலான டிரைவ்களில் அது வெறும் பூஜ்யத்தைத்தான் பதிலாகத் தரும், உள்ளே இன்னும் வெள்ளையடித்து முடியாவிட்டாலும்கூட. அப்புறம் சும்மா இருக்கும் நேரமாகப் பார்த்து நிஜமாகவே துடைத்துவிடும். கரண்ட் இருந்தால் போதும், நாம் எதையும் தொட வேண்டியதில்லை.

2010-லேயே ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இதைச் சோதித்து எழுதினார்கள். எஸ்எஸ்டி ஒன்றை குயிக் ஃபார்மட் செய்துவிட்டு, கரண்டோடு அப்படியே விட்டார்கள். சில நிமிடங்களில் டிரைவ் தானாகவே பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. தடயங்களை ஆராய்பவர்கள், டிரைவில் எதுவும் எழுதப்படாமல் தடுக்க ஒரு கருவி மாட்டுவார்கள். அதை மாட்டியும் துடைப்பு முழுசாக நிற்கவில்லை. கட்டளை வெளியிலிருந்து வந்தால்தானே தடுக்கலாம், வேலை நடப்பது உள்ளேயே.

அப்படியானால் அந்த மென்பொருள் பெயரும் சைஸும் எப்படிக் காட்டியது? விண்டோஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு பேரேட்டில் வரி எழுதி வைத்திருக்கிறது. ஃபைலை அழித்தாலும் பேரேட்டு வரி கொஞ்ச நாள் தங்கும். மென்பொருள் படித்தது அந்தப் பேரேட்டை மட்டும்தான். வேறு எந்த ஃபைலும் அந்த இடத்தில் வந்து உட்காரவில்லை என்பதால் பச்சைப் புள்ளி வைத்தது. உள்ளே பூஜ்யம்தான் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்தப் பச்சைப் புள்ளியை நம்பி இரண்டு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு, கல்யாண வீட்டுக்கும் "படம் கிடைச்சிருச்சு" என்று போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் அந்தத் தம்பி என்னிடம் வந்தார்.

அந்த ஃபோல்டரிலிருந்து முழுசாகத் திரும்பியது ஒன்றே ஒன்று. நோட்பேடில் அடித்த சின்னக் குறிப்பு. மிகச் சிறிய ஃபைல் என்றால், கிட்டத்தட்ட 700 பைட்டுக்குள் என்றால், விண்டோஸ் அதற்குத் தனி இடம் ஒதுக்காமல் பேரேட்டு வரியிலேயே எழுதிவிடும். அதனால் டிரிம் அதைத் தொடவில்லை. திறந்து பார்த்தேன். "தாலி கட்டும்போது பொண்ணோட அப்பத்தாவ விடாம எடுக்கணும். வீல்சேர்ல மேடைக்கு வலது பக்கம் இருப்பாங்க." அவ்வளவுதான். அவர் தனக்குத் தானே எழுதி வைத்த நினைவுக் குறிப்பு. அதைப் படித்ததும் அவர் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

டீ சொல்லிவிட்டு, "தம்பி, கேமரா கார்டெல்லாம் எங்க?" என்று கேட்டேன். இரண்டு கார்டு. ஒன்றை ஃபார்மட் செய்து அதற்கப்புறம் ஒரு காதுகுத்து விசேஷம் முழுக்க எடுத்தாகிவிட்டது. இன்னொன்றை ஃபார்மட் செய்து பையில் போட்டவர், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. பெரும்பாலான கேமராக்கள் ஃபார்மட் செய்யும்போது பேரேட்டை மட்டும்தான் புதிதாக எழுதும், படங்கள் இருந்த இடத்தைத் துடைக்காது. கார்டு ரீடரில் போட்டு போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட விட்டேன். 611 படங்கள் வந்தன, ஒன்றும் பழுதில்லை. மாலை மாற்றுவதிலிருந்து பந்தி வரைக்கும் இருந்தது. முகூர்த்தம் மட்டும் முதல் கார்டில். காதுகுத்துப் படங்கள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டன.

ஆக, மீட்பு மென்பொருளே பொய் என்று நான் சொல்லவில்லை. மெமரி கார்டு, பென் டிரைவ், பழைய ஹார்ட் டிஸ்க் இவற்றில் அது நன்றாகவே வேலை செய்கிறது. எஸ்எஸ்டியையே யுஎஸ்பி பெட்டியில் போட்டு வெளியில் பயன்படுத்துகிறவர்களுக்கும் சில சமயம் அதிர்ஷ்டம் இருக்கிறது. பழைய பெட்டிகள் பலவும் டிரிம் தகவலை உள்ளே கடத்தாது. விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு போட்டவர்களுக்கும் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதில் வழக்கமாக வாரத்துக்கு ஒரு தடவைதான் டிரிம் ஓடும். விண்டோஸ் கம்ப்யூட்டர், லேப்டாப்பின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டிக்குத்தான் இந்த அவகாசம் கிடையாது. உங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி செத்துப்போனால் எல்லாம் முடிந்தது என்று பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அது தவறு. டிரைவ் நன்றாக ஓடும்போது அழித்ததைத்தான் மீட்க முடியாது. டிரைவே ஓடவில்லை என்றால், பல நேரம் உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும்.

போன மாதம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு ஆடிட்டர் ஆபீஸ் டிரைவ் வந்தது. 20-ஆம் தேதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், 17-ஆம் தேதி சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலையில் கம்ப்யூட்டர், டிரைவே இல்லை என்கிறது. என் டேபிளில் மாட்டிப் பார்த்தால் 240 ஜிபி டிரைவ் சில எம்பிதான் என்று காட்டுகிறது, பெயரும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பெயர். இது அடிக்கடி பார்க்கும் நோய்தான். எந்த ஃபைல் எந்தச் சிப்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோலர் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. அதை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் வரைபடம் குலைந்துவிடும். கன்ட்ரோலர் குழம்பிப்போய், தான் யார் என்பதே தெரியாமல் நிற்கும். சிப்பில் இருக்கும் தகவலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே விசிட்டிங் கார்டில் பாதி அளவுக்கு ஒரு போர்டு. அதில் குறிப்பிட்ட இரண்டு புள்ளிகளை ட்வீசர் முனையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுத்தால், கன்ட்ரோலர் கெட்டுப்போன தன் புரோகிராமைப் படிக்காமல், தொழிற்சாலையில் இருந்த நிலையில் கட்டளைக்காகக் காத்திருக்கும். கை நடுங்கக் கூடாது, பக்கத்துப் புள்ளியைத் தொட்டால் போர்டே போய்விடும். அப்புறம் பிசி-3000 என்ற கருவி வழியாக வேறு புரோகிராமை அதன் நினைவகத்தில் ஏற்றி, சிப்களை வரிசையாகப் படித்து வரைபடத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆனது. டேலி கணக்குகள் அத்தனையும் வந்தன. 19-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு அந்த ஆபீஸ் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

எல்லா மாடலுக்கும் இது நடக்காது. இருந்தாலும், கெட்டுப்போன எஸ்எஸ்டியைத் தூக்கி எறிவதற்கு முன்னால், தெரிந்தவரிடம் ஒரு தடவை காட்டுங்கள் என்று எழுதலாம் அல்லவா? யுபிஎஸ் பேட்டரியைப் பற்றியும் எழுதுங்கள். 2013-ல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து, 15 எஸ்எஸ்டிகளுக்குத் திடீர் திடீரென்று கரண்டை நிறுத்திப் பார்த்தார்கள். 13 டிரைவ்களில் ஏதாவது ஒரு கோளாறு வந்தது. பெரிய சர்வர்களில் போடும் டிரைவ்களில் இதற்காகவே, கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். கரண்ட் போனாலும் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் டிரைவ் அணையும். நம் வீட்டு டிரைவ்களில் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

ஆடிட்டர் ஆபீஸ் டிரைவுக்குச் செய்த அதே முறையில், டிரிம் தகவல் போன பிறகும் சில மாடல்களில் அழித்ததை எடுக்க முடிந்திருக்கிறது. கன்ட்ரோலர் துடைத்து முடிப்பதற்குள் கரண்டை நிறுத்தியிருக்க வேண்டும், அதுதான் ஒரே நிபந்தனை. என் கையில் இத்தனை வருடத்தில் மூன்று தடவைதான் அப்படி நடந்திருக்கிறது. மூன்றிலும், அழித்த அடுத்த நிமிடமே பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கியவர்கள்தான். ஆகவே எஸ்எஸ்டியில் தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் முதல் வேலை பவரை நிறுத்துவது. ஷட்டவுன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், லேப்டாப் என்றால் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். மறுபடி ஆன் செய்து 'இருக்கிறதா' என்று பார்க்கவே கூடாது. உசிலம்பட்டித் தம்பி சனிக்கிழமை ராத்திரியே அணைத்துவிட்டு வந்திருந்தால் நான் ஒரு முயற்சியாவது செய்து பார்த்திருப்பேன். கண்டிப்பாகக் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு ராத்திரி ஓட விட்ட பிறகு முயற்சிக்கே இடமில்லாமல் போய்விட்டது. உங்கள் குறிப்பு அவரை ஓட விடச் சொன்னது, ஐயா. அதுதான் என் மனதை உறுத்துகிறது.

பூட்டு விஷயம் ஒன்றும் இருக்கிறது. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததும் டிரைவைத் தானாகவே பூட்டிக்கொள்கின்றன. சாவி 48 இலக்க எண், அது அந்த அக்கவுன்ட்டில் சேமிக்கப்பட்டிருக்கும். ஒரு ஆராய்ச்சி மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்தார், தண்ணீர் கொட்டி மதர்போர்டு போய்விட்டது. டிரைவ் கல் மாதிரி நன்றாக இருந்தது. கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்கத்தைக் கேட்கிறது. "நான் எதுவுமே பூட்டலையே சார்" என்றார். உண்மைதான், அவர் பூட்டவில்லை. லேப்டாப் வாங்கிய கடையில் இருந்த பையன் ஏதோ ஒரு ஈமெயிலைப் போட்டு விண்டோஸைத் தயார் செய்து கொடுத்திருக்கிறான். என்ன ஈமெயில் என்று அவனுக்கும் ஞாபகம் இல்லை. நான்கு வருட ஆய்வேடு அந்த டிரைவில் இன்னும் முழுசாக இருக்கிறது, அவரால் படிக்கத்தான் முடியாது. புது லேப்டாப் வாங்குகிறவர்கள் தங்கள் சொந்த அக்கவுன்ட்டில்தான் நுழைந்திருக்கிறோமா என்று பார்த்து, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளட்டும். பத்து நிமிட வேலை.

ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எஸ்எஸ்டியில் படங்களை ஏற்றி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று இருக்கிறவர்களைப் பார்க்கிறேன். ஃபிளாஷ் சிப்பில் தகவல் என்பது நுண்ணிய மின்னூட்டம். கரண்ட் இல்லாமல் கிடந்தால் அது மெதுவாகக் கசியும், வெயில் காலத்தில் கூடுதலாகக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பு சாதாரண எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் அளவு, எழுதி எழுதி ஆயுள் முடிந்த டிரைவ், கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தகவலைத் தாங்க வேண்டும் என்பது. புது டிரைவ் அதைவிட நிறைய நாள் தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் மதுரையில் மாடி அறையில் சித்திரை மாதம் 30 டிகிரி எங்கே இருக்கிறது? சேமித்து வைக்க ஹார்ட் டிஸ்க்கே மேல். அதுவும் இரண்டு பிரதி, இரண்டும் ஒரே வீட்டில் இல்லாமல். ஆல்பம் கொடுத்து முடிக்கும் வரை கார்டை ஃபார்மட் செய்யவே கூடாது. ஒரு கார்டின் விலை, ஒரு கல்யாணத்துக்கு வாங்கும் தொகையில் எத்தனையில் ஒரு பங்கு?

எங்கள் தொழிலைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'நூறு சதவீதம் மீட்டுத் தரப்படும்' என்று போர்டு மாட்டி, அழித்த எஸ்எஸ்டிக்கும் முன்பணம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பாதிப் பணம், பூஜ்ய ஃபைல்களைக் கொடுத்து மீதிப் பணம். பணம் கொடுக்கும் முன் எந்தப் படமாவது ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதுங்கள். படத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பேசலாம்.

புரட்டாசி முடிந்து ஐப்பசி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னால், அதே இணைப்பிதழில், அதே இடத்தில் இதைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் வாருங்கள், என் டேபிளில் நேரிலேயே காட்டுகிறேன், அந்தப் பூஜ்ய ஃபைல்களை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அந்தத் தம்பி நேற்று போன் செய்தார். கல்யாண வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொல்லி, சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களை ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறாராம். இதுவரைக்கும் தாலி கட்டும் படம் ஒன்பது கிடைத்திருக்கிறது. அதில் ஒன்றில், வலது ஓரத்தில், அப்பத்தா பாதி முகம் தெரிகிறதாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர்,
மதுரை - 1